முப்பத்தேழாம் தாள்

1978 நவம்பர் 26, ஞாயிறு. செங்கல்பட்டு

"இத்தனை பறவைகளையும் எண்ணி முடித்துவிட்டு என்ன செய்வதாக உத்தேசம், ஞானம்பாள்?" என்று நான் ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் பன்னீர்செல்வம் கேட்டார். கழுத்தில் சாமந்தி மாலை. அதன் நெடியில் தும்மல்தான் வந்தது, பதில் வரவில்லை. மூன்று வருடம் கழித்து இன்று பதில் தோன்றுகிறது. எண்ணியதை அடுத்தவர் கையில் கொடுக்கலாம்.

மகாபலிபுரத்தில் லாட்ஜ் நடத்தும் சௌகத் அலி கடிதம் போட்டிருக்கிறார். அவர் மகள் உம்மு சல்மாவுக்கு மூன்று வருடம் இயற்கை அறிவியல் எடுத்தவள் நான். கோயில்களை ஒரே நாளில் பார்த்துவிட்டு, மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரையில் கிடந்து தோல் உரிகிறார்களாம். இந்தப் பக்கம் பார்க்கக்கூடிய பறவை, விலங்குகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் அறைக்கு ஒன்றாகக் கொடுப்பாராம். பார்த்ததற்கு எதிரே அவர்கள் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

ராத்திரிச் சாப்பாட்டை மறந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு பெயர் தேறிவிட்டது.

டிசம்பர் 3, ஞாயிறு

தாள்களைச் சைக்ளோஸ்டைல் எடுத்து லாட்ஜில் கொடுத்துவிட்டு வந்தேன். எண்பத்துநாலு பெயர். மூலையில் ஒரு நத்தைக்குத்தி நாரை, நானே வரைந்தது. ஒவ்வொரு தாளின் தலையிலும் சிவப்பு மையில் எண்.

"இது இன்னா டீச்சரம்மா, பரீட்சைப் பேப்பரா?" என்று சௌகத் அலி சிரித்தார்.

"திரும்பி வர வேண்டாமா? யார் எதை எத்தனை பார்த்தார்கள் என்று நான் கூட்டிப் பார்க்க வேண்டும். எந்த அறைக்கு எந்த எண் என்று உங்கள் ரிஜிஸ்டரில் எழுதிவையுங்கள்."

"சரிதான். ரூம்ல சோப்பு காணாம போனாலே நான் எழுதறதில்ல. காகிதத்துக்குக் கணக்கா?"

ஆனால் என் எதிரிலேயே எழுதினார். ஒன்றாம் எண் ஒரு பிரெஞ்சுத் தம்பதிக்குப் போயிற்று.

இது முதல் அச்சுதான். ஏரிகளைப் பற்றி விவரம் எழுதி இரண்டாம் முறை அச்செடுக்க வேண்டும்.

டிசம்பர் 10, ஞாயிறு. ஈச்சந்தாங்கல்

படாளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடை. ஏரி நிறைந்திருக்கிறது. கடப்ப மரங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கின்றன. கிளையெல்லாம் கூடு, கூடெல்லாம் குஞ்சு.

இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் ஊர் எல்லையோடு நின்றுவிடும். பறவையின் எச்சம் விழுந்த தண்ணீர் பாயும் வயலுக்கு உரமே வேண்டாம். அதனால் நாலு தலைமுறையாக இந்த அமைதியைக் காப்பாற்றுகிறார்கள். மடை திறந்து முறைத் தண்ணீர் விடுகிற நீர்க்கட்டி மாயவன்தான் பறவைக்கும் காவல்.

இன்று ஒரு கரும்பருந்து கூட்டிலிருந்து நாரைக் குஞ்சு ஒன்றைத் தூக்கிற்று. தூக்கிக்கொண்டு போகவில்லை. பக்கத்துக் கிளையில் வைத்து, அது கத்திக்கொண்டிருக்கும்போதே வயிற்றைக் கிழித்தது. தாய் இரண்டடி தள்ளி நின்று பார்த்தது. லாட்ஜிலிருந்து என்னோடு வந்திருந்த ஆஸ்திரேலியப் பெண் தொலைநோக்கியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். பருந்தின் கூட்டிலும் குஞ்சு இருக்கிறது, உன் அம்மா கோழி வாங்கி வந்ததில்லையா என்று சமாதானம் சொன்னேன். வகுப்பில் சொல்கிற உதாரணம்தான். அங்கே எடுபட்டது. இங்கே, ரத்தம் சொட்டுகிற மரத்தடியில், சப்பென்று இருந்தது.

மாயவனிடம் என் தாளைக் காட்டிப் படித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பேரு போடு, நெறம் போடு, வேணாங்கல. எந்தக் கரை, எத்தினி மணின்னு மட்டும் போடாத டீச்சரம்மா. வாயால சொன்னா வந்தவன் பாதிய மறந்துடுவான். எழுதிக் குடுத்தா மறக்கவே மாட்டான்."

சரி என்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

சரி என்றேனே தவிர மனசு கேட்கவில்லை. பெயரை மட்டும் எழுதி இடத்தை எழுதாத விடைக்கு நானே பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். கடல் தாண்டி வருகிறவர்கள் மொட்டை வெயிலில் காலிக் கிளைகளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா?

இரண்டாம் அச்சில் எழுதிவிட்டேன். "தெற்குக் கரையில் மூன்றாவது பனையருகே நில்லுங்கள். மாலை நாலரை மணிக்கு நத்தைக்குத்தி நாரைகள் வயலிலிருந்து திரும்பும். தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் வரும். அவற்றின் சிறகடிக்கிற காற்று உங்கள் நெற்றியில் படும்."

நல்ல வாக்கியங்கள். மாயவன் படிக்கத் தெரியாதவர்.

டிசம்பர் 24, ஞாயிறு

இருபத்தொன்பது தாள்கள் ஏரி பார்த்துத் திரும்பி வந்திருக்கின்றன. ஒருவர் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: காற்று நெற்றியில் பட்டது, நன்றி.

டிசம்பர் 31, ஞாயிறு. இரவு

எழுதத்தான் வேண்டும். நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

மூன்றே முக்கால் பஸ் தாமதம். படாளத்தில் இறங்கி நடக்கும்போது மணி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும். டப் டப் என்று கேட்டது. அப்புறம் சேர்ந்தாற்போல நாலைந்து. ஈச்சந்தாங்கலில் வெடியா? ஏரிக்கு மேல் வானம் கறுத்துவிட்டது. அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பி நான் பார்த்ததில்லை. கீழே கூடுகளில் குஞ்சுகள் தனியாக. காகங்களும் பருந்துகளும் இறங்கிவிட்டன, கேட்பாரில்லை.

எதிரே ஒரு கறுப்புக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. மெட்ராஸ் கார். என் பயணிகள்தான், சத்தத்துக்குப் பயந்து திரும்புகிறார்கள் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கிக் கையசைத்தேன். உள்ளே இருந்தவர் ஒருவர் பதிலுக்குக் கையசைத்தார்.

கரை ஏறினேன். மாயவனைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். தொண்டையிலும் மார்பிலும் சின்னச் சின்னத் துளைகள், எண்ண முடியாமல். ஒவ்வொரு துளையிலும் குமிழி விட்டது. என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

மூன்றாவது பனையில் இருசப்பனைக் கட்டியிருந்தார்கள். வரப்பில் எலி பிடிக்கிற இருளர். காலையில் பஞ்சாயத்துத் தலைவர் துரையே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தபோது கரையடியில் நாரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அது அப்போதும் உயிரோடு இருந்திருக்கிறது.

"எலி புடிக்கக் கூப்ட்டா நாரைய சுடுவியா? ஆள சுடுவியா? துப்பாக்கி எங்கடா?" துரை மண்வெட்டிக் காம்பால் அடித்தார். முழங்காலில், விலாவில், மறுபடி முழங்காலில். ஒவ்வொரு அடிக்கும் பனைமரம் அதிர்ந்தது.

"நான் எலி புடிக்க வந்தேன் சாமி. நாரை தானா வந்து வுழுந்திச்சி." இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரோ அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "துப்பாக்கி மருந்து வாடை அடிக்குதுடா! உள்ளங்கை கருப்பா கீது பாரு!" என்று கூவினார்கள். எல்லோரும் வந்து முகர்ந்தார்கள். முகர்ந்தவன் ஒவ்வொருவனும் ஓர் அடி வைத்தான். சாக்கு அவிழ்ந்து, பிடித்த எலிகள் அவர்கள் கால்களுக்கு நடுவே ஓடின.

"நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். நாற்பது பேர் உள்ள வகுப்பை அடக்கிய குரல். ஒரு நொடி நின்றார்கள். அந்த ஒரு நொடியில் மாயவனின் மைத்துனன் எலிவளைக்குப் புகை போடுகிற மண்சட்டியை எடுத்து இருசப்பன் முகத்தில் உடைத்தான்.

சட்டி உடைந்த சத்தம். பிறகு அவரிடமிருந்து வந்த சத்தம். அதை எழுத மாட்டேன்.

போலீஸ் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அடிபட்டு விழுந்த பறவைகளை எண்ணினேன். பழக்கம். நத்தைக்குத்தி பதினொன்று, மஞ்சள்மூக்கு நாரை நாலு, வக்கா ஏழு, கரண்டிவாயன் இரண்டு. வரிசையாகப் போட்டிருந்தார்கள். வக்கா ஒன்று எண்ணும்போது கண் திறந்து மூடியது.

1979 ஜனவரி 1, திங்கள்

புடவையை மூன்று தரம் துவைத்தேன்.

ஜனவரி 3, புதன்

மாயவன் காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். கடைசிவரை பேச்சு வரவில்லை. மார்கழிப் பனியில் பறை இல்லாமல் கொண்டுபோனார்கள். கூட்டில் குஞ்சு இருக்கிறதே. சங்குகூட இல்லை. நூறு பேர் நடக்கிற காலடிச் சத்தம் மட்டும். அவர் மனைவி மாரியம்மா அழுகையை முந்தானையில் அமுக்கிக்கொண்டே சுடுகாட்டு வழி பாதிவரை வந்தாள். புருஷன் காத்த அமைதியாம்.

இருசப்பன் மேல் கொலை வழக்கு. இடது கண் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். துப்பாக்கியை ஏரியில் எறிந்திருப்பார் என்று ஆள் இறக்கித் துழாவுகிறார்கள். சப்-இன்ஸ்பெக்டரிடம் நான் பார்த்த காரைப் பற்றிச் சொன்னேன். "நம்பர் தெரியுமா?" என்றார். தெரியாது. "உங்க லிஸ்டு பார்த்து தினம் பத்து கார் வருதே" என்றார்.

ஜனவரி 5, வெள்ளி

இருசப்பன் மனைவி சொர்ணம் வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அவரு கடப்பாரைய எடுத்தாரப் போனேன். ஏரிக்கரையில காரை முள்ளுல இந்தக் காயிதம் மாட்டிகினு கெடந்திச்சி. நாரை படம் போட்டது நீ குடுக்கறதுன்னாங்க. பொய்யா?"

என் தாள். சிவப்பு மையில் 37.

நாலு பெயருக்கு எதிரே மட்டும் நீல மையில் குறி. கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், நான் தாளின் அடியில் சொல்லிக்கொடுத்த முறைப்படியே. மஞ்சள்மூக்கு நாலு. வக்கா ஏழு. கரண்டிவாயன் இரண்டு. நத்தைக்குத்தி பத்து.

அறுநூறு நத்தைக்குத்திகள் இருக்கிற ஏரியில் பத்தைப் பார்த்தவன் யார்? இது பார்த்த கணக்கு இல்லை. ஒருவன் சுட, ஒருவன் குறித்திருக்கிறான். நான் எண்ணியது பதினொன்று. பதினோராவது அடிபட்டுத் தள்ளாடி வந்து கரையடியில் விழுந்திருக்கிறது. அதைத்தான் இருசப்பன் கையில் எடுத்திருக்கிறார்.

கரண்டிவாயனையும் அரிவாள்மூக்கனையும் சரியாகப் பிரித்தறிந்திருக்கிறான் குறித்தவன். என் மாணவிகள் பாதிப் பேர் தப்பு விடுவார்கள். நான் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

"அவர தூக்குல போட்டுடுவாங்களா?" என்று சொர்ணம் கேட்டாள். அதட்டுவது போலக் கேட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

ஜனவரி 7, ஞாயிறு

இதைக் கொடுத்தால் அந்த மனிதர் பிழைப்பார். கொடுத்தால் ஊர் என்னைக் கேட்கும்: தெற்குக் கரை, மூன்றாவது பனை, நாலரை மணி, இதை அவனுக்குச் சொன்னது யார்?

மாரியம்மா கேட்பாள்.

தாளை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரசம் வைத்தேன். ஒரு தள்ளு தள்ளினால் போதும். யாருக்கும் தெரியாது, சொர்ணத்தைத் தவிர. சொர்ணம் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? இப்படி நினைத்தேன். நானா நினைத்தேன்? ஆமாம், நான்தான். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு நீதி போதனை வகுப்பும் சேர்த்து எடுத்தவள்.

தாளை எடுத்து நாட்குறிப்பில் வைத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய். மகாபலிபுரம்

சௌகத் அலி ரிஜிஸ்டரைத் திறந்தார். 37: நாலாம் அறை. டிசம்பர் 30, 31. காண்ட்ராக்டர் ஒருவர், அவர் நண்பர். நீளமான தோல்பை இரண்டு. கோல்ஃப் விளையாடுகிற கோல் என்று சொன்னார்களாம்.

"டீச்சரம்மா, இந்தப் பக்கத்தப் பாக்கலன்னு வச்சிக்கங்க. அந்த ஆளு யாரு தெரியுமா? மந்திரி வூட்டு வாசல்ல செருப்பப் போட்டுகினே உள்ள போற ஆளு. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

"இருசப்பனுக்கு இரண்டு."

"அல்லாவே! நானா சுட்டேன்?"

"நீங்கள் சுடவில்லை. நான் இடம் சொன்னேன், நீங்கள் தாள் கொடுத்தீர்கள்."

ரிஜிஸ்டரை மூடிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ் ஏறும்வரை கூடவே வந்தார். ஏறும்போது, "பேஜாரு புடிச்ச வேலை" என்றார். என்னையா, தன்னையா, தெரியவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கையில் மருந்து வாடை என்றார்களே! நானும்தான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அடித்தது வைக்கோல் புகை.

பக்கத்து வீட்டில் தீபாவளி மிச்சம் நாலு பட்டாசு வாங்கினேன். கொல்லையில் வெடித்து, அந்தக் கரியை ஒரு துணியில் துடைத்து டப்பாவில் அடைத்தேன். வைக்கோலைச் சட்டியில் மூட்டமிட்டு இன்னொரு துணியில் பிடித்து வேறு டப்பாவில் வைத்தேன். இரண்டையும் முகர்ந்தேன். ஒன்று மூக்கைக் குத்துகிறது, அழுகின முட்டை மாதிரி. மற்றது மாட்டுக்கொட்டகை. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும்.

ஆனால் ஈச்சந்தாங்கல் பிள்ளை சொல்லாது. நாலு தலைமுறையாக அந்த ஊரில் ஒருவரும் வெடி கொளுத்தியதில்லை. வெடிமருந்து எப்படி நாறும் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பறவைக்குச் செய்த நல்ல காரியம், மனிதனின் கண்ணைப் பிடுங்கியிருக்கிறது.

ஜனவரி 18, வியாழன். ஈச்சந்தாங்கல்

மாயவனுக்குப் பதினாறாம் நாள் கருமாதி. ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. காரியம் முடிகிற வரை நின்றேன். பிறகு துரையிடம் போய், ஊர் எதிரில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன்.

"பேசு டீச்சரம்மா. நீ எங்களுக்கு அந்நியமா?"

டப்பாவைத் திறந்து வைக்கோல் துணியைக் கொடுத்தேன். "அன்றைக்கு அவர் கையில் அடித்த வாடை இதுதானா?"

துரை முகர்ந்தார். "அதேதான்! மருந்து வாடை. சொன்னேன்ல?" கைமாறிக் கைமாறி முகர்ந்தார்கள். எல்லோரும் அதேதான் என்றார்கள்.

"இது வைக்கோல் புகை. உங்கள் வயல் வைக்கோல். எலிச்சட்டியில் போடுவது. வெடிமருந்து இதோ." இரண்டாம் டப்பா.

முதலில் முகர்ந்தவன் மாயவனின் மைத்துனன், சட்டியை உடைத்தவன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி முகர்ந்தான். "மாமன் சட்டையில இந்த வாடைதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏரியில் குஞ்சுகள் கத்துவது மட்டும் கேட்டது.

"அப்ப யாரு சுட்டது?" என்றார் துரை.

தாளை எடுத்தேன். படித்துக் காட்டினேன். நாலு, ஏழு, இரண்டு, பத்து. நீங்கள் புதைத்த பறவைகளின் கணக்கு, இருசப்பன் கையில் இருந்த ஒன்று நீங்கலாக. பிறகு அடியில் நான் எழுதியிருந்ததையும் படித்தேன். தெற்குக் கரை. மூன்றாவது பனை. நாலரை மணி. நெற்றியில் படும் காற்று. குரல் உடையாமல் படித்து முடித்தேன். "இதை எழுதியது நான். மாயவன் எழுதாதே என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுதினேன்."

மாரியம்மா எழுந்து வருவதைப் பார்த்தேன். கையில் பித்தளைச் செம்பு. ஒதுங்க நேரம் இருந்தது. ஒதுங்கவில்லை. முதல் அடி வாயில். விழுந்தேன். இரண்டாவது நெற்றியில், மூன்றாவது தோளில். ஒவ்வொரு அடிக்கும், "நெத்தியில காத்து படணுமா? படணுமாடீ?" என்று கேட்டாள். அவளாகக் களைத்து நிறுத்தும்வரை யாரும் பிடிக்கவில்லை. பிறகு செம்பைப் போட்டுவிட்டு, பதினாறு நாளாக அடக்கியதையெல்லாம் சேர்த்து, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினாள். பறவைகள் எழும்பின. எழும்பட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முன்பல் ஒன்று மண்ணில் கிடந்தது. எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

துரை என்னைத் தூக்கிவிட்டார். "நான்தான் மொதல்ல அடிச்சேன். நாளைக்கு டிராக்டர் எடுத்துகினு ஸ்டேசனுக்குப் போறோம். அவன் இல்லன்னு அடிச்ச நாங்களே சொல்றோம். நீயும் அந்தக் காயிதத்தோட வா. அதோட இந்தக் கரைப் பக்கம் வராத டீச்சரம்மா. இன்னொரு வாட்டி அந்தப் பொம்பளைய எங்களால புடிக்க முடியாது."

இந்தத் தரம் மட்டும் யார் பிடித்தார்கள்?

ஜனவரி 19, வெள்ளி

முப்பத்தாறு பேர் ஒரே டிராக்டர் டிரெய்லரில். சப்-இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "காகிதத்துல நம்பர் இருக்கு. ஆளு பேர் எங்க? லாட்ஜ்காரர் வந்து சொல்லணும். அவர் அப்படி ஒரு தாளே தெரியாதுங்கறாரு."

எங்களை முந்திக்கொண்டு யாரோ சௌகத் அலியிடம் பேசியிருக்கிறார்கள்.

ஜனவரி 23, செவ்வாய்

உம்மு சல்மா ஓடி வந்தாள். பட்டப்பகலில் ஜீப்பில் வந்த ஆறு பேர் லாட்ஜை நொறுக்கிவிட்டார்களாம். ஜன்னல், அலமாரி, சமையல்கட்டுப் பாத்திரம் வரை. தடுத்த சமையல்காரரின் கையைக் கதவிடுக்கில் வைத்து மூடியிருக்கிறார்கள். ரிஜிஸ்டரைத் தேடினார்களாம், கிடைக்கவில்லை. அதை அவள் அம்மா அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாராம்.

ஜனவரி 24, புதன்

சௌகத் அலி வந்தார். புருவத்தில் தையல். கக்கத்தில் ரிஜிஸ்டர். இடுக்குகளிலிருந்து அரிசி உதிர்ந்துகொண்டே வந்தது.

"தெரியாதுன்னு சொன்னதுக்கு அப்புறமும் வந்து ஒடைக்கிறானுங்க டீச்சரம்மா. அப்ப தெரியும்னு சொன்னா இன்னா? புதுசா ஒடைக்க அங்க ஒண்ணுமில்ல. கெளம்புங்க, ஜட்ஜு கிட்டயே குடுப்போம்."

என் பல் போன வாயைப் பார்த்தார். அவர் தையலை நான் பார்த்தேன். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தால் எனக்கு உதடு பிளக்கும், அதனால் சிரிக்க வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினேன். அதற்கும் சிரித்தார்.

பிப்ரவரி 2, வெள்ளி

மாஜிஸ்திரேட் தாளையும் ரிஜிஸ்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நாலாம் அறைக் கையெழுத்தின் மையும் கோடு போட்ட நீல மையும் ஒன்று. டிசம்பர் 31 நாட்குறிப்பில் நான் எழுதிய எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எழுதிக்கொண்டு கிழித்துக் கொடுத்தேன். பிறகு, மறக்காமல் இருக்க, நகலை இங்கே ஒட்டிவைத்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

இருசப்பனை விட்டுவிட்டார்கள். காண்ட்ராக்டரும் நண்பரும் கைதாகி நாலாம் நாள் ஜாமீனில் வந்தார்கள். வழக்கு நடக்கிறதாம். வாய்தா, வாய்தா.

சிறை வாசலில் சொர்ணம் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன். அவருடைய இடதுபக்கம் நின்றதால் அவருக்கு நான் தெரியவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

மிச்சத் தாள்கள் நூற்றுப்பதிமூன்று. அடுப்பில் வைத்தேன். சைக்ளோஸ்டைல் மை எரியும் வாடையும் இப்போது எனக்குத் தெரியும்.

ஜூலை 8, ஞாயிறு

இருசப்பன் வந்திருந்தார். கண் போனதற்குச் சர்க்கார் உதவி கேட்டு மனு எழுத வேண்டுமாம். சொர்ணம் அனுப்பியிருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "வுடு டீச்சரம்மா, மனு எழுது" என்றார்.

சொர்ணவாரிப் பருவ நெல் கதிர் பிடித்திருக்கிறதாம். எலி அதிகமாம். அவரை முதலில் கூப்பிட்டது மாரியம்மாவாம். "ஆள் அனுப்பல. தானே வூட்டாண்ட வந்திச்சி. எங்க வயல்ல எலி வெட்டுது, வா இருசப்பான்னிச்சி. சோறு போட்டிச்சி. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. எனக்கும் வயிறு கீதில்ல, போனேன்."

வலது கை விரல்கள் மூன்றில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"எலி. முன்னெல்லாம் வளையில கைய வுட்டா கழுத்தத்தான் புடிப்பேன். இப்ப கை ஒரு வெரக்கட முன்னாலயே நின்னுடுது. அதுக்குள்ள அது கடிச்சிடுது. நாலு எலிக்கு ஒரு கடி." சிரித்தார். "எலிங்களுக்கெல்லாம் தெரிஞ்சி போச்சி போல கீது."

காபி டம்ளரை நீட்டினேன். அவர் கை டம்ளருக்கு இந்தப் பக்கமே காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினார். இந்த முறை கொஞ்சம் தாண்டிப் போய் டம்ளர் விளிம்பில் தட்டிற்று. மூன்றாம் முறை பிடித்தார். நான் பார்க்காதது போல மனுவை எழுதினேன்.

அவர் போன பிறகு என் இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாதி மேசையில் போயிற்று. விளக்குத் திரியை நிமிண்டப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். அறுபது வருடம் பழகிய வீட்டில் எல்லாமே ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. பத்து நிமிடம்தான் தாங்கினேன். அவிழ்த்துவிட்டேன். என்னால் அவிழ்க்க முடிகிறது.

இந்த நோட்டை என்றாவது யாராவது புரட்டினால், இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நன்றாக நீட்டி, ஒரு கையின் சுட்டுவிரல் நுனியால் மறுகையின் சுட்டுவிரல் நுனியைப் பக்கவாட்டிலிருந்து ஒரே தடவையில் தொட்டுப் பாருங்கள்.